நெருப்பில்லா உலைக்கு வித்திட்ட மைக்கேல் பாரடே

மண்ணில் பிறந்து மறைந்தோர் எண்ணற்றோர். மறைந்த பின்னும் மக்கள் வாழ்வில் நாள்தோறும் பயன் தந்து நிற்போர் மிகச் சிலரே. அத்தகைய அரியோருள் ஒருவர் மைக்கேல் பாரடே. அவர் மறைந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. எனினும் நம் இல்லங்களில் விளக்கு எரிவதும், விசிறி சுழல்வதும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் இயங்குவதும் அவர் கண்டறிந்த ஓர் உண்மையின் பயனேயாகும்.

அவ்வுண்மையால் விளைந்த புதுமைகளுள் ஒன்று நம்மைப் பெரிதும் வியக்கச் செய்வது. செம்புக் குழாய் ஒன்றைச் சுருளாக வளைத்து, அதில் மின்சாரத்தைச் செலுத்துகின்றனர். சுருளின் நடுவே ஓர் இரும்புத் துண்டை வைக்கின்றனர். சுருள் அவ்விரும்பைத் தொடுவதில்லை. அங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஆயினும் சிறிது நேரத்தில் இரும்பு செக்கச் சிவந்து ஒளிர்கின்றது. மேலும் சூடேற்றினால் உருகியே விடுகின்றது. செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியசு வெப்பம் போதும். இரும்பு உருகுவதற்கோ 1538 பாகை வேண்டும். எளிதில் உருகும் செம்பு உருகாமல் நிற்க, எளிதில் உருகாத இரும்பு அதன் நடுவே உருகி ஓடுகின்றது. சூடேற்றும் பொருள் குளிர்ந்திருக்க, சூடேறும் பொருள் கொதிப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் பாரடேயின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

நெருப்பின் பயனையும் அதன் கொடுமையையும் நன்கறிந்த இடம் நம் டத்தோ கிராமாட். இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் வணிக வளாகம் உயர்ந்து நிற்கும் இடத்தில் முன்னாளில் ஈய உருக்காலை ஒன்று இருந்தது. ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் என்பது அதன் பெயர். மலாயாவின் சுரங்கங்களில் தோண்டிய ஈயக் கனிமம் இங்கே உலையில் இடப்பட்டு, கட்டி ஈயமாக வார்க்கப்பட்டு உலகெங்கும் சென்றது. அத்தகைய உலைகளில் முதலில் நெருப்பு சூடாகும். பிறகு உலையின் சுவர் சூடாகும். அதன் பின்னரே உள்ளிருக்கும் பொருள் சூடாகும். சூடேற்றுவது எப்பொழுதும் சூடேறுவதைக் காட்டிலும் மிகுந்த வெப்பத்தோடு இருந்தாக வேண்டும். உலைக்கு முன் நின்று உழைப்போருக்கும் அவ்வெப்பத்தில் ஒரு பங்கு தப்பாமல் கிடைக்கும். பாரடேயின் தந்தையும் அத்தகைய நெருப்பின் முன் நின்று உழைத்தவரே.

கொல்லன் வீட்டுப் பிள்ளை

மைக்கேல் பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாரடே ஓர் இரும்புக் கொல்லர். பிழைப்பை நாடி வடநாட்டுச் சிற்றூரிலிருந்து தலைநகருக்குக் குடிபெயர்ந்தவர். அவர் உடல்நலம் குன்றியவர். துருத்தி ஊதி, சம்மட்டி பிடித்து, நெருப்பின் முன் நாள் முழுவதும் நிற்க அவருடைய உடல் பல நாள்களில் இடங்கொடுக்கவில்லை. வேலைக்குச் செல்லாத நாளில் வீட்டிற்கு வருவாய் ஏது?

1801ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தானியத்தின் விலை மிக உயர்ந்தது. அப்பொழுது சிறுவர் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டியே பங்காகக் கிடைத்ததாம். அதனை அவர் ஏழு நாள்களுக்கும் வைத்து உண்ண வேண்டியிருந்தது. எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு அவருடைய பள்ளி வாழ்க்கை முடிந்துவிட்டது. பிற்காலத்தில் உலகமே போற்றிய அறிஞர் பள்ளியில் கற்றது அவ்வளவே.

புத்தகம் கட்டியவர் புத்தகம் படித்தார்

பாரடே தம் 13ஆம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவல் பணிக்குச் சேர்ந்தார். வீடு வீடாகச் செய்தித்தாள் கொண்டு கொடுப்பதும், படித்து முடித்தவுடன் அதனைத் திரும்பப் பெற்று அடுத்த வீட்டிற்குக் கொண்டு செல்வதும் அவருடைய வேலை. மறு ஆண்டு, 1805இல், புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றுக்கொள்ளும் பயிற்சியாளராக அமர்ந்தார். பயிற்சிக் காலம் ஏழாண்டுகள். சிறுவரின் நன்னடத்தையைக் கண்ட முதலாளி அதற்காகக் கட்டணம் ஏதும் பெற்றுக்கொள்ளவில்லை.

தைப்பதற்கும் அட்டை போடுவதற்கும் வந்த நூல்களைப் பாரடே வெறும் தாள்களாகக் கருதவில்லை. பகலில் கட்டிய நூலை வேலை முடிந்த பிறகு படித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைக் கண்டு அதில் மனத்தைப் பறிகொடுத்தார். மார்செட் அம்மையார் எளிய உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் அவருக்குப் பெரிய ஆசானாயிற்று. படித்ததை அப்படியே நம்பிவிடும் பழக்கம் அவரிடம் இல்லை. கையில் கிடைத்த சில காசுகளைக் கொண்டு பொருள்களை வாங்கி, நூலில் கூறிய சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார். கண்ணால் கண்டதையே உண்மை எனக் கொண்டார்.

அக்காலத்தில் இலண்டனில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் மாலை வேளைகளில் அறிவியல் சொற்பொழிவு ஆற்றி வந்தார். அதனைக் கேட்க ஒரு நாளைக்கு ஒரு சில்லிங் கட்டணம். பாரடேயிடம் அத்தொகை இல்லை. அவருடைய அண்ணன் இராபர்ட் தந்தையைப் போலவே கொல்லுத் தொழில் செய்தவர். தம் வியர்வையால் ஈட்டிய காசை அவர் தம்பியின் கல்விக்கு மனமுவந்து தந்தார். அண்ணன் நெருப்பின் முன் நின்றதால் தம்பி அறிவின் முன் அமர முடிந்தது. தம் படிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு தோட்டத்தில் பால்மரம் வெட்டச் சென்று தம்பி தங்கையரைப் படிக்க வைத்த அண்ணன்மாரும் அக்காள்மாரும் நம் குடும்பங்களிலும் உண்டல்லவா? அவர்கள் அனைவரும் இராபர்ட்டின் இனத்தவரே.

ஆய்வுக்கூடத்தின் வாயில்

1812ஆம் ஆண்டில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், இராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கான நுழைவுச் சீட்டுகளைப் பாரடேக்கு அளித்தார். டேவி அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த வேதியியல் அறிஞர். பாரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, பின்னர் அழகிய கையெழுத்தில் விரித்து எழுதி, படங்களும் வரைந்தார். தாம் கற்ற தொழிலைக் கொண்டே அதனை நேர்த்தியான நூலாகக் கட்டினார். அறிவியற் பணியில் தமக்கு ஓர் இடம் வேண்டி எழுதிய மடலுடன் அந்நூலை டேவிக்கு அனுப்பி வைத்தார்.

டேவி அவரை அழைத்து அன்போடு பேசினார். ஆனால் அப்பொழுது வேலை ஏதும் இல்லாமையால் புத்தகத் தொழிலை விட்டுவிட வேண்டா என்றே அறிவுரை கூறி அனுப்பினார். பாரடே மனம் சோரவில்லை. சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த இடம் பாரடேக்குக் கிடைத்தது. 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் இராயல் நிறுவனத்தின் உதவியாளரானார். குடுவைகளைக் கழுவுவதும், மேசையைத் துடைப்பதும், சோதனைக்கு வேண்டியவற்றை எடுத்து வைப்பதும் அவருடைய கடமைகள். மாடியில் இரு சிற்றறைகள் அவருக்குத் தங்குமிடமாயின.

அவ்வாண்டே டேவி ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பாரடேயும் உடன் சென்றார். ஆய்வுப் பணியோடு ஏவலாளரின் வேலைகளையும் அவர் செய்ய வேண்டியதாயிற்று. டேவியின் துணைவியார் அவரை வேலையாளாகவே நடத்தினார். பாரடேக்கு அது பெருந்துன்பமாக இருந்தது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்றும் எண்ணினார். எனினும் அப்பயணத்தில் காணக்கிடைத்த அறிஞர்களும் ஆய்வுக்கூடங்களும் வேறு எங்கும் கிடைக்க மாட்டா என்பதை உணர்ந்து பொறுத்துக்கொண்டார். 1815இல் நாடு திரும்பியபொழுது, பல்கலைக்கழகத்தில் கால் வைக்காமலேயே ஒரு பல்கலைக்கழகக் கல்வியை அவர் பெற்றிருந்தார்.

பத்தாண்டுக் கேள்வி

1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் ஒரு புதுமையைக் கண்டார். மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டியை வைத்தால் அதன் காந்த முள் திரும்புகின்றது. அஃதாவது, மின்சாரம் காந்த ஆற்றலைப் பிறப்பிக்கின்றது. மறு ஆண்டே பாரடே, மின்சாரம் ஓடும் கம்பி ஒன்று காந்தத்தைச் சுற்றி இடைவிடாது சுழலுமாறு செய்து காட்டினார். இன்றைய மின்விசிறிக்கும் மின்னோடிக்கும் அதுவே முன்னோடி. அவ்வாண்டிலேயே சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்து, இராயல் நிறுவனத்தின் மாடியிலேயே இல்லறம் நடத்தினார்.

பாரடேயின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மின்சாரத்தால் காந்தம் பிறக்குமாயின், காந்தத்தால் மின்சாரம் பிறவாதோ? பல முறை முயன்றார். ஒவ்வொரு முறையும் தோல்வியே கண்டார். இடையில் வேறு பணிகள் குறுக்கிட்டன. 1825இல் பென்சீன் என்னும் பொருளைக் கண்டறிந்தார். அவ்வாண்டே ஆய்வுக்கூடத்தின் தலைவருமானார். எனினும் அக்கேள்வியை அவர் கைவிடவில்லை.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள். தேனிரும்பால் ஆன வளையம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் குறுக்களவு 6 அங்குலம். வளையத்தின் ஒரு பக்கத்தில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றினார். எதிர்ப்பக்கத்தில் வேறொரு கம்பியைச் சுற்றினார். கம்பிகள் ஒன்றையொன்று தொடாதவாறு இடையிடையே நூலும் துணியும் வைத்தார். முதற் சுருளை மின்கலத்தோடு இணைத்தார். இரண்டாம் சுருளுக்கு அருகே காந்த முள் ஒன்றை வைத்துக் கூர்ந்து நோக்கினார்.

மின்கலத்தை இணைத்த அந்த நொடியில் முள் துடித்தது, உடனே அமைதியடைந்தது. மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த வரையில் முள் அசையவே இல்லை. இணைப்பை நீக்கிய நொடியில் மீண்டும் துடித்தது. இத்தனை ஆண்டுகள் மறைந்திருந்த இரகசியம் அந்தச் சிறு துடிப்பில் வெளிப்பட்டது. காந்தம் இருப்பதனால் மட்டும் மின்சாரம் பிறப்பதில்லை. காந்தம் மாறுவதனால்தான் மின்சாரம் பிறக்கின்றது. அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள் கம்பிச் சுருள் ஒன்றினுள் காந்தக் கோலை நுழைத்தும் இழுத்தும் மின்சாரத்தைப் பிறப்பித்தார். அத்திங்களிலேயே பெரிய காந்தம் ஒன்றின் இரு முனைகளுக்கிடையே செம்புத் தட்டைச் சுழற்றி, இடைவிடாத மின்னோட்டத்தையும் பெற்றார். தனித்த கம்பியில் மட்டுமன்றி, திண்ணிய உலோகத் தட்டின் உடலிலும் மின்சாரம் பிறக்கும் என்பது அதனால் விளங்கிற்று. இதனையே மின்தூண்டல் என்கிறோம். அமெரிக்க நாட்டில் ஜோசப் ஹென்றி என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் தாமாகவே இவ்வுண்மையைக் கண்டிருந்தார். ஆயினும் முதலில் வெளியிட்டு உலகறியச் செய்தவர் பாரடேயே.

சுருள் ஏன் கொதிப்பதில்லை?

இனி நாம் முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். பாரடே தூண்டல் உலையைச் செய்யவில்லை. அவர் கண்ட உண்மையைப் பின்வந்தோர் ஒருவர் பின் ஒருவராக வளர்த்தனர். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1841இல், மின்சாரம் ஓடும் பொருளில் பிறக்கும் வெப்பத்திற்கு ஒரு கணக்கைக் கண்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பொருளின் மின்தடை இரு மடங்கானால் வெப்பமும் இரு மடங்காகும். பிரான்சின் பூக்கோ என்னும் அறிஞர் 1855இல், காந்த முனைகளுக்கிடையே சுழலும் செம்புத் தட்டு சூடாவதைக் கண்டார். 1900ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் எஃகு உருக்கும் தூண்டல் உலையே இயங்கத் தொடங்கியது.

அவ்வுலையின் செயல்முறையை ஒவ்வொரு படியாகக் காண்போம்.

சுருளில் செலுத்தப்படுவது மாறு மின்னோட்டம். முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டே இருப்பது. நம் வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை இவ்வாறு சென்று திரும்புகின்றது. சிறிய பொருள்களைச் சூடேற்றும் கருவிகளில் இம்மாற்றம் நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழும். எனவே சுருளைச் சூழ்ந்த காந்த ஆற்றலும் ஓயாமல் வளர்ந்து தேய்ந்து மாறுகின்றது. பாரடே இணைப்பை இட்டபொழுதும் நீக்கியபொழுதும் ஒரு நொடி துடித்த துடிப்பு, இங்கே ஓயாத துடிப்பாகி விடுகின்றது. அம்மாற்றம் நடுவிலுள்ள இரும்பின் உடலிலேயே மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றது. அது நீர்ச்சுழி போல் இரும்பினுள் வட்டமிடுவதால் சுழல் மின்னோட்டம் எனப்படும். ஆகவே சுருளிலிருந்து இரும்புக்கு வெப்பம் செல்வதில்லை. சுருள் தருவது காந்த மாற்றத்தை மட்டுமே. வெப்பம் இரும்புக்குள்ளேயே பிறக்கின்றது. நெருப்பு உலைக்கும் தூண்டல் உலைக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

அப்படியாயின் சுருளிலும் மின்சாரம் ஓடுகின்றதே. அது ஏன் அவ்வாறு பழுக்கவில்லை? இங்கேதான் மின்தடை நமக்கு விடை சொல்கின்றது. தைப்பூச நாளில் தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் பெருங்கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். அகன்ற சாலையில் அக்கூட்டம் இடரின்றி நடக்கின்றது. அதே கூட்டம் குறுகிய படிக்கட்டில் ஏறும்பொழுது ஒருவரையொருவர் நெருக்கி வியர்த்துப் போகின்றது. செம்பு மின்சாரத்திற்கு அகன்ற சாலை. இரும்பு குறுகிய படிக்கட்டு. ஒரே அளவுள்ள துண்டுகளை ஒப்பிட்டால், இரும்பின் மின்தடை செம்பினுடையதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. பாத்திரங்கள் செய்யும் துருப்பிடிக்காத எஃகின் தடையோ 30 மடங்கிற்கும் மேல்.

இன்னொரு காரணமும் உண்டு. விரைந்து மாறும் மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே ஆழ்ந்து செல்லாமல் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். காந்தம் ஈர்க்கும் இரும்பில் அப்பரப்பு மேலும் மெல்லியதாகிவிடும். ஏற்கெனவே குறுகிய படிக்கட்டு இன்னும் குறுகிப் போவதால் நெருக்கடியும் வெப்பமும் மிகுகின்றன. ஏறத்தாழ 770 பாகையில் இரும்பு தன் காந்தத் தன்மையை இழந்துவிடும். அப்பொழுது சூடேறும் வேகம் தணியுமேயன்றி, சுழல் மின்னோட்டம் நின்றுவிடுவதில்லை. அதனால் இரும்பு மேலும் சூடேறி உருகுகின்றது.

செம்பிற்கும் சிறிது மின்தடை உண்டு. ஆகவே சுருள் சிறிதும் சூடாவதில்லை என்று கூறுதல் பொருந்தாது. பெருந்தொழிற்சாலைகளில் அச்சுருளில் ஓடும் மின்னோட்டம் மிகப் பெரிது. அதில் பிறக்கும் வெப்பமும் சிறிதன்று. அதற்காகவே சுருளைத் திண்ணிய கம்பியாகச் செய்யாமல் உள்ளே துளையுள்ள குழாயாகச் செய்து, அதனுள் நீரை ஓடச் செய்கின்றனர். பிறக்கும் வெப்பத்தை நீர் உடனுக்குடன் கொண்டு போய்விடுகின்றது. உருகிய உலோகத்தின் வெப்பம் திரும்பி வந்து சுருளைத் தாக்காதவாறு, வெப்பம் தாங்கும் மண்ணால் ஆன சுவர் இடையில் நின்று காக்கின்றது. நீரோட்டம் தடைப்பட்டால் சுருள் கெட்டுவிடும். எனவே அங்குப் பணிபுரிவோர் நீரின் மேல் எப்பொழுதும் கண்ணாக இருப்பர்.

நம் அடுக்களையில்

இவ்வுலையின் தம்பி ஒருவன் இன்று பல வீடுகளின் அடுக்களைக்கு வந்துவிட்டான். கடைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு எனக் கேட்டு வாங்குகின்றோமே, அதுவே அது. அதன் கண்ணாடிப் பரப்பின் கீழே மெல்லிய செம்புக் கம்பிகள் பலவற்றை முறுக்கிச் செய்த தட்டையான சுருள் ஒன்று இருக்கின்றது. கம்பிகள் மெல்லியனவாகவும் பலவாகவும் இருப்பதால், மின்சாரத்திற்கு இருக்கும் சாலை குறுகுவதில்லை. நீருக்குப் பதிலாகச் சிறு விசிறி ஒன்று சுருளைக் குளிர்விக்கின்றது. அடுப்பு இயங்கும்பொழுது கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் அவ்விசிறியினுடையதே.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பாத்திரம் அவ்வடுப்பிற்கு ஏற்றதா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காந்தத் துண்டு ஒன்றைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டிக்கொண்டால் அது ஏற்றது. மண்சட்டியில் மின்சாரம் ஓடாது. ஆகவே அது சூடாகாது. செம்பும் அலுமினியமும் மின்சாரத்திற்கு அகன்ற சாலைகள். நெருக்கடி இல்லாமையால் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் அவையும் போதிய சூடு பெறுவதில்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். அடுப்பில் நெருப்புத் தெரியவில்லை என்பதால் அது சுடாது என்று குழந்தைகள் எண்ணிவிடக் கூடாது. சுருள் பழுப்பதில்லை, ஆனால் கொதிக்கும் பாத்திரம் தன் வெப்பத்தை அடியிலுள்ள கண்ணாடிக்குத் தந்துவிடுகின்றது. பாத்திரத்தை எடுத்த பிறகும் சிறிது நேரம் கண்ணாடி கையைச் சுடும். கரண்டி, கத்தி முதலியவற்றை அதன் மேல் வைத்தலும் கூடாது. இதயத்திற்கு உதவும் மின்கருவி பொருத்தப் பெற்றவர்கள், அவ்வடுப்பைப் பயன்படுத்துமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

புகழை நாடாத பெருமகன்

பாரடே உயர்கணிதம் கற்றவரல்லர். தாம் கண்டதைச் சமன்பாடுகளால் எழுத அவரால் இயலவில்லை. எனினும் காந்தத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத விசைக்கோடுகள் பரவி நிற்பதாக அவர் மனக்கண்ணால் கண்டார். கணிதம் வல்ல சிலர் அதனை மதிக்கவில்லை. பிற்காலத்தில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் அக்கருத்தையே கணித வடிவில் அமைத்து, அதன் ஆழத்தை உலகிற்கு உணர்த்தினார். ஒரு கொல்லன் மகன் மனத்தில் வரைந்த கோடுகள் இன்றைய வானொலிக்கும் தொலைபேசிக்கும் அடிப்படையாயின.

அவர் தம் அறிவைத் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. 1827 முதல் 1860 வரையில் 19 முறை கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்கான சொற்பொழிவுத் தொடர்களை நிகழ்த்தினார். ஒரேயொரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு, அது எரிவதில் அடங்கியுள்ள அறிவியலையெல்லாம் அவர்களுக்கு விளக்கிக் காட்டினார். அச்சொற்பொழிவுகள் நூலாகி இன்றும் படிக்கப்பெறுகின்றன. தமக்குக் குழந்தைகள் இல்லாவிடினும், ஊர்க் குழந்தைகளையெல்லாம் அறிவின் பிள்ளைகளாக ஆக்கிக்கொண்டார்.

வணிக நிறுவனங்களுக்கு ஆய்வு செய்து கொடுத்திருந்தால் அவர் பெருஞ்செல்வராகியிருப்பார். அறிவியல் ஆய்வுக்கு நேரம் வேண்டும் என்பதற்காக அவ்வருவாயை விட்டுவிட்டார். கடலோடிகளின் உயிரைக் காக்கும் கலங்கரை விளக்கங்களைச் செம்மைப்படுத்தும் பணியில் மட்டும் பல்லாண்டுகள் ஈடுபட்டார். நாட்டின் மிகப் பெரிய அறிவியல் அமைப்பாகிய இராயல் சங்கத்தின் தலைமைப் பதவி தேடி வந்தபொழுதும் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. கடும் உழைப்பால் நடுவயதிலேயே அவருடைய நினைவாற்றல் தளர்ந்தது. மறதி தமக்கு வந்துவிட்டதை அறிந்தும், செய்த சோதனைகளை எண்ணிட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டு மேலும் பல ஆண்டுகள் உழைத்தார்.

1858இல் விக்டோரியா அரசியார் ஹாம்டன் கோர்ட்டில் அவர் வாழ்வதற்கு ஓர் இல்லத்தை அளித்தார். அங்கேயே 1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் அப்பெருமகனார் அமைதியாக உயிர் துறந்தார். அரசர்களும் அறிஞர்களும் துயிலும் பெருங்கோயிலில் இடம் பெறும் தகுதி அவருக்கு இருந்தது. அவரோ அதனை விரும்பவில்லை. ஹைகேட் இடுகாட்டில், எளிய கல்லறை ஒன்றில் அவர் துயில்கின்றார். மின்தேக்கியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு அவர் பெயரால் பாரட் என வழங்குகின்றது.

நாம் கற்கத் தக்கவை

டத்தோ கிராமாட்டின் உருக்காலை மறைந்துவிட்டது. அவ்வழியே செல்லும்பொழுதெல்லாம், நெருப்பின் முன் நின்று உழைத்து இவ்வூருக்கு வாழ்வளித்தவர்களை நாம் நினைவுகூர்தல் வேண்டும். பாரடேயின் தந்தையும் அண்ணனும் அத்தகைய உழைப்பாளர்களே. அவர்களுடைய வியர்வை வீண் போகவில்லை. அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளை கண்ட உண்மையால், நெருப்பே இல்லாமல் இரும்பை உருக்கும் வழி பிறந்தது.

விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்லும் பெற்றோரே, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து திரும்பும் பெற்றோரே! வறுமையைக் காரணமாக்கிப் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அண்ணன் தந்த அந்த ஒரு சில்லிங் இல்லாதிருந்தால், பாரடே புத்தகம் கட்டும் தொழிலாளியாகவே வாழ்ந்து மறைந்திருக்கக் கூடும்.

மாணவச் செல்வங்களே! நல்லாசிரியரும் நல்ல நூலும் செம்புச் சுருளைப் போன்றவர்கள். அவர்கள் உங்களைச் சூழ்ந்து நின்று தூண்டுவார்கள். ஆனால் வெப்பம் இரும்பின் உள்ளேதான் பிறக்க வேண்டும். அறிவுத் தீயும் உங்கள் உள்ளத்திலேதான் மூளல் வேண்டும். வாரம் முழுவதும் ஒரு ரொட்டியை உண்டு வளர்ந்த சிறுவரால் அது முடிந்தது என்றால், உங்களாலும் முடியும். படிப்பீர், கண்டதைக் கேள்வி கேட்பீர், கேட்ட கேள்வியைக் கைவிடாதீர். பாரடே பத்தாண்டுகள் காத்திருந்தார், முள் துடித்தது.